7.1 போதுமா?

வணக்கம் சார்,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தினமும் வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் கோவைக்குப் போய் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். மூன்று செமஸ்டரில் 66 கிரெடிட் முடிந்து சிஜிபிஏ, அதாவது மொத்த கிரேடு சராசரி, பத்துக்கு 7.1 இருக்கிறது. அரியர் கிடையாது. கடைசி செமஸ்டருக்கு, புராஜெக்ட்டும் சேர்த்து, 24 கிரெடிட். “எட்டு இல்லையென்றால் எம்.எஸ்ஸி. படித்ததே தண்டம்” என்கிறார் சித்தப்பா. பாலக்காட்டில் படிக்கும் தோழியோ 3.6 வாங்கிவிட்டு நிம்மதியாகத் திரிகிறாள். முதுகலையில் நல்ல கிரேடு என்றால் எவ்வளவு? எட்டைப் பிடிக்க முடியுமா? கல்லூரி வேலைதான் என் குறி. ஜெர்மனியில் பிஎச்.டி. செய்யும் ஆசையும் உண்டு.

ர., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ர.,

எட்டைப் பிடிக்க முடியாது. 66-ஐ 7.1-ஆல் பெருக்கினால் 468.6. மொத்தம் 90 கிரெடிட்டுக்கு எட்டு வர 720 வேண்டும். மிச்சம் 251.4-ஐ 24-ஆல் வகுத்தால் 10.475. பத்துக்கு மேல் யாரும் புள்ளி போடுவதில்லை. எல்லாத் தாளிலும் பத்தே வாங்கினாலும் 7.87-இல் நின்றுவிடும். சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த எட்டு கிடைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கலாம். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50. நேர்முகத்துக்கு யாரை அழைப்பது என்று வடிகட்ட பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் ஓர் அட்டவணை இருக்கிறது. கல்லூரிகளுக்கான அந்த அட்டவணையில் முதுகலை 55 முதல் 60 வரை என்றால் 20 புள்ளி, 60 முதல் 80-க்குள் என்றால் 23, 80-ம் அதற்கு மேலும் என்றால் 25. அதாவது 61 வாங்கியவரும் 79 வாங்கியவரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். எட்டு உங்களுக்குத் தந்திருக்கக்கூடியது இரண்டே புள்ளி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டில் தேறினால் 8, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் 10, பிஎச்.டி.க்கு 25, ஓர் ஆண்டு பாடம் நடத்தினால் 2. உழைப்பை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. கல்லூரி வேலைக்கு 60-ஐத் தாண்டியது நல்ல கிரேடு. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் 7.1 என்பது எத்தனை சதவீதம்? பலர் விழுவது இந்தக் குழியில்தான். பத்தால் பெருக்கினால் 71. 9.5-ஆல் பெருக்கினால் 67.45, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்ன வழி அது, முதுகலைக்குப் பொருந்தாது, ஆனாலும் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அட்டவணைப்படி 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 63.5. உங்களுக்கு மூன்றுமே ஒரே படிக்குள் அடங்குவதால் பாதகமில்லை. 6.2 வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்: ஒரு கணக்கில் 62, இன்னொன்றில் 54.5. நெட் எழுதவும் 55 வேண்டும், அங்கே 54.5-ஐ 55 ஆக்க மாட்டார்கள், 54.9-ஐயும் ஆக்க மாட்டார்கள். எனவே உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் எதுவோ அதுவே செல்லும். மார்க் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுப் பிரிவில் மனுக்கொடுத்து, சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றித் தரும் சான்றிதழ் வாங்குங்கள்.

எழுத்துகளை நம்ப வேண்டாம். யுஜிசி அளவில் ‘ஏ’ என்றால் 8 புள்ளி. 60-ஐத் தாண்டினாலே ‘ஏ’ போடும் பல்கலைகளும் உண்டு. தோழியின் 3.6-ஐயும் அப்படியே ஒப்பிடாதீர்கள். கேரளத்தில் முதுகலைக்கு 4, 5, 10 என்று பல அளவுகள் புழங்கியிருக்கின்றன. அவளுடையது ஐந்துக்கு 3.6 என்றால் ஏறத்தாழ உங்களைப் போலத்தான். நான்குக்கு என்றால் உங்களைவிட நன்றாகவே மேலே.

எல்லையில் இருப்பதால் இன்னொன்று. ‘செட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. கேரளத்து செட் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு. முதுகலையில் 50 சதவீதமும் பி.எட்.டும் கேட்பார்கள். தமிழ்நாட்டு செட் கல்லூரி வேலைக்கு, அதுவும் தமிழ்நாட்டுக்குள் மட்டும். வாளையாற்றைத் தாண்டினால் அது செல்லாது. இரண்டு பக்கமும் செல்வது நெட்தான். வேதியியலுக்கு, அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட். கேரளத்தில் விண்ணப்பித்தால் கோவைப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்கக்கூடும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

ஜெர்மனிக் கதை வேறு. அங்கே படியே கிடையாது, ஒவ்வொரு தசமமும் எண்ணிக்கையில் வரும். மிகச் சிறந்தது 1, தேர்ச்சியின் விளிம்பு 4. மாற்றும் வழி இது: உச்ச மதிப்பிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள், உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி 5 என்றால் உங்கள் 7.1 அங்கே 2.74. பல இடங்களில் 2.5-ஐ வரம்பாக வைக்கிறார்கள். 2.5 வர இங்கே 7.5 வேண்டும், அதற்குக் கடைசி செமஸ்டரில் சராசரி 8.6. கடினம்தான், ஆனால் 10.475 போல நடக்காத காரியமில்லை. அதிகக் கிரெடிட் இருப்பது பெரும்பாலும் புராஜெக்ட்டுக்குத்தான். அது எட்டுக் கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், அதில் 9.5 வாங்கினால் மற்ற 16 கிரெடிட்டுக்கும் 8.15 போதும்.

புராஜெக்ட்டில் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல. ஸ்பெக்ட்ரம் எடுக்க வெளியே அனுப்பிய சாம்பிள் வைவாவுக்கு முந்தைய வாரம் திரும்பி வரும். விளக்கம் எழுத நேரமிருக்காது. செமஸ்டரின் முதல் மாதத்திலேயே சாம்பிளை அனுப்பிவிடுங்கள்.