இலை அசைவது அவன் செயல், பொய் சொல்வது?

கேள்வி: கடவுள் இல்லாத இடமே இல்லை என்கிறது யூத மறைஞானமான கபாலா. நல்லதையும் கெட்டதையும் மனிதன் தானே தேர்ந்தெடுக்கிறான் என்றும் சொல்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? 'எல்லாம் அவன் செயல்' என்று நாம் சொல்வதைத்தானே அவர்கள் சுற்றி வளைக்கிறார்கள்?

பதில்: இல்லை. பாதி தூரம்தான் ஒத்துப்போகும். 18-ஆம் நூற்றாண்டில் ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்துக்கு வித்திட்ட பால் ஷெம் தோவ், காற்றில் ஓர் இலை புரள்வதுகூட இறைவனின் ஏற்பாடு என்று போதித்தார். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டது: 'எல்லாம் வானத்தின் கையில், வானத்துக்கு அஞ்சுவதைத் தவிர.' வானம் என்றால் இங்கே கடவுள். கரு உருவாகும்போதே பலசாலியா நோஞ்சானா, அறிவாளியா மூடனா, பணக்காரனா ஏழையா என்பதெல்லாம் முடிவாகிவிடுமாம். நல்லவனா கெட்டவனா என்பதை மட்டும் வானம் சொல்லாது.

அந்த ஒன்றுக்கு இடம் எப்படிக் கிடைத்தது? கலிலேயாவின் சஃபேத் ஊரில் கபாலா ஆசான் ஐசக் லூரியா (1534–1572) சொன்ன விடை 'ட்ஸிம்ட்ஸும்', அதாவது ஒடுங்குதல். கடவுளின் எல்லையற்ற ஒளி எங்கும் நிறைந்திருந்தபோது வேறெதற்கும் இடமில்லை. ஒளி நடுவிலிருந்து ஒதுங்கியது. சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போகவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்த பின்னும் ஒட்டியிருக்கும் பிசுக்கு போல ஒரு மிச்சம் தங்கியது. அந்த வெளிக்குள் ஓர் ஒளிக்கீற்று இறங்கியது. அதை ஏந்தவேண்டிய பத்துக் கலங்களில் மேல் மூன்று தாங்கின. அடுத்த ஆறு நொறுங்கின. கடைசிக் கலமும் சேதப்பட்டது. 288 ஒளிப்பொறிகள் உடைந்த கலங்களின் ஓடுகளோடு விழுந்து உலகப் பொருள்களுக்குள் சிக்கின.

பலர் சறுக்குவது இங்கேதான். 'கடவுள் ஒதுங்கினார்' என்பதை வீட்டைக் காலி செய்ததுபோல எடுத்துக்கொண்டால், கடவுள் இல்லாத ஓர் இடம் முளைத்துவிடும். ஹசிதிய குருவான லியாதி ஊர் ஷ்னேயுர் ஸல்மான் 1796-இல் அச்சேறிய தம் நூல் 'தன்யா'வில் இதைத் திட்டவட்டமாக மறுக்கிறார். ஒளி விலகவில்லை, மறைந்தது. அந்த மறைப்பும் நமக்குத்தான், கடவுளுக்கு அல்ல. நேரடியாகச் சொல்கிறேன்: அவர் இருப்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தால் யாரும் பொய் சொல்லத் துணியமாட்டார்கள். அது நல்ல குணமும் ஆகாது.

சுதந்திரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் தன்யா துல்லியமாகக் காட்டுகிறது. இதயத்தின் இடது அறையில் விலங்கு ஆன்மா. மூளையிலும் வலது அறையிலும் தெய்வ ஆன்மா. ஒரு சிறு நகரத்துக்காக இரண்டு அரசர்கள் போரிடுவதுபோல இரண்டும் உடலுக்காக மோதுகின்றன. கோபம் பொங்குவதை நாம் தடுக்க முடியாது. அதை மனத்தில் ஊறப்போடுவதா, வாயில் வர விடுவதா, கையை ஓங்குவதா என்பது நம்மிடம் இருக்கிறது. எண்ணம், சொல், செயல் என்ற இந்த மூன்றையும் காப்பவனே 'பேனோனி', இடைப்பட்டவன். அவன் ஆசையற்றவன் அல்ல. கெட்ட ஆசை எழுந்துவிட்டதே என்று நொந்து சோர்ந்துபோவதைத் தன்யா பக்தியாகக் கருதுவதில்லை. தன்னை ஞானி என்று நினைத்துக்கொண்டவனின் கர்வம் அது என்று 27-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறது.

இறைப் பிரசன்னத்துக்கு எபிரெயத்தில் ஷெகினா என்று பெயர். குடியிருத்தல் என்பது வேர்ப்பொருள். அந்தப் பத்துக் கலங்கள் குறிக்கும் பத்து இறைநிலைகளில் கடைசியாக வரும் அது இப்போது நாடுகடத்தப்பட்ட நிலையில் இருக்கிறது, மீட்பதில் மனிதனுக்கும் பங்கு உண்டு என்கிறது கபாலா. எப்படி என்று கேட்டால் ஓர் ஆப்பிளைப் பாருங்கள். கையில் எடுத்து, 'மரத்தின் கனியைப் படைப்பவர்' என்று ஆசி சொல்லி, உடனே கடிக்க வேண்டும். ஆசிக்கும் கடிக்கும் நடுவே ஊர்க்கதை பேசினால் ஆசியை மறுபடி சொல்ல வேண்டும். முறையாகச் சாப்பிட்டு, அந்தத் தெம்பில் தொழுதால் உள்ளே சிக்கிய பொறி மேலேறுகிறது. நாக்கு ருசிக்காக மட்டும் விழுங்கினால் அது ஓட்டுக்குள்ளேயே அமிழ்கிறது. அதன் பிறகு மனம் திரும்பி இறைப்பணிக்கு வந்தாலும் அந்த உணவு அவனோடு சேர்ந்து ஏறும் என்கிறது தன்யாவின் 7-ஆம் அதிகாரம். விலக்கப்பட்ட உணவுக்கு அவ்வளவு எளிதாக அந்த வழி திறப்பதில்லை.