டார்க் ரென்ச்: காலண்டரைப் பார்ப்பதா, கிளிக்கை எண்ணுவதா?

கேள்வி: பெங்களூரு வில்சன் கார்டனில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நாளுக்கு ஐந்தாறு கார் வரும். வீல் நட், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரே கிளிக் டார்க் ரென்ச்தான் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'கிளிக்' அடிக்கும் ரென்ச்). வருஷத்துக்கு ஒரு கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) போதுமா?

பதில்: உங்கள் ரென்ச்சுக்குப் போதாது. சொந்தமாகப் பரிசோதனை முறை வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஐஎஸ்ஓ 6789 என்ற டார்க் ரென்ச்சுக்கான சர்வதேசத் தர விதி சொல்வது 12 மாதம் அல்லது 5,000 முறை, இதில் எது முந்துகிறதோ அது. பலர் 12 மாதத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு காருக்கு 16 வீல் நட், ஆறு கார் என்றால் நாளுக்கு 96 கிளிக். ஞாயிறு நீங்கலாக இரண்டே மாதத்தில் 5,000 வந்துவிடும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பையன் போடும் இரண்டாவது கிளிக்கும் கணக்கில் சேரும். நட்டும் கொஞ்சம் கூடுதலாக இறுகும்.

அதனால் ரென்ச்சைப் பிரித்துவிடுங்கள். வீல் நட்டுக்கு ஒன்று, பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷனுக்கு இன்னொன்று. இரண்டாவதுக்கு அநேகமாக வருஷம் ஒருமுறை கேலிபரேஷன் போதும். கீழே விழுந்தாலோ, ரிப்பேர் பார்த்தாலோ, இறுகிய நட்டைக் கழற்ற யாராவது அதை எடுத்தாலோ, தேதி பார்க்காமல் லேபுக்கு அனுப்புங்கள்.

ரென்ச் சரியாக இருக்கிறதா என்று நாமே வைஸில் மாட்டி எடை தொங்கவிட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். சதுர முனையை வைஸில் பிடித்து, ரென்ச்சைப் படுக்கை வாட்டில் வைத்து, 45 செ.மீ. தள்ளி 20 கிலோ தொங்கவிட்டால் டார்க் (திருகும் விசை) 88 நியூட்டன் மீட்டர். ஆனால் ரென்ச்சுக்கும் எடை உண்டே! 1.4 கிலோ ரென்ச், அதன் எடை மையம் 20 செ.மீ. தள்ளி இருந்தால், இன்னும் 2.7 சேரும். அதுவே மூன்று சதவீதம். 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரென்ச்சுக்கு அனுமதித்த பிழையே கூடக்குறைய 4 சதவீதம்தான். பெரிய கோளாறு தெரியும்; கேலிபரேஷன் ஆகாது.

வேலை முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள். 110 நியூட்டன் மீட்டரிலேயே விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து, சீக்கிரம் கிளிக் அடிக்கும். நட் இறுகாமலே இறுகியதாக நினைப்போம்.

பீன்யா பக்கம் லேப் தேடும்போது என்ஏபிஎல் (லேப்களுக்குத் தரச் சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, அந்த அங்கீகாரப் பட்டியலில் உங்கள் ரென்ச்சின் டார்க் அளவு அடங்குகிறதா என்றும் பாருங்கள். அதிகபட்சத்தில் 20, 60, 100 சதவீதத்தில் அளந்திருக்க வேண்டும். முக்கியமாக, சரிசெய்வதற்கு முன் எடுத்த ரீடிங்கையும் சர்ட்டிபிகேட்டில் கேளுங்கள். அது 4 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், போன கேலிபரேஷனுக்குப் பிறகு அந்த ரென்ச்சில் முடுக்கிய வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டிவரும். ரென்ச் நம்பரை ஜாப் கார்டில் எழுதியிருந்தால்தான் எந்தெந்த வண்டி என்று தெரியும்.