சாயத் தண்ணீருக்கு எந்த மென்பொருள்? – கேள்வி பதில்

எங்கள் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உயிரியல் தொட்டி, ஆர்ஓ, எவாப்பரேட்டர் (நீரை ஆவியாக்கும் கருவி) மூன்றும் உண்டு. பயோவின் மென்பொருள் வாங்கினால் போதுமா? – பொறியாளர், திருப்பூர்

போதாதுங்க. பயோவின், ஜிபிஎஸ்-எக்ஸ், சுமோ எல்லாம் முதன்மையாக நுண்ணுயிர் வேலையைக் கணக்கிடுபவை. இவற்றுக்கு வழிகாட்டிய ஏஎஸ்எம்1 என்ற கணக்கு மாதிரி (சமன்பாட்டுத் தொகுப்பு), 1987-ல் நகரச் சாக்கடை நீரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆர்ஓ-வுக்கு மெம்பரேன் கம்பெனிகளே இலவசமாக மென்பொருள் தருகின்றன. டூபான்டின் வேவ் அப்படிப்பட்டது. எவாப்பரேட்டரின் வெப்பக் கணக்கை டிடபிள்யூசிம் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். ஆனால் உப்புக் கரைசலின் கொதிநிலை உயர்வை உங்கள் ஆலை அளவீட்டோடு ஒப்பிடாமல் நம்பிவிடாதீர்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின், கழிவுநீரை வெளியே விடாமல் ஆவியாக்கி உப்பைப் பிரிக்க வேண்டியிருப்பதால், நம் ஊரில் செலவு நீராவியிலும் உப்பிலும்தான் குவிகிறது. முதல் பணத்தை அங்கே போடுங்கள்.

கணினி மாதிரியில் வெளியேறும் நீரின் சிஓடி (கழிவை ஆக்ஸிஜனேற்றத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 80 மி.கி. என்கிறது; ஆய்வகத்தில் 250. மென்பொருள் கோளாறா? – பெருந்துறை

பெரும்பாலும் இல்லை. கரைந்திருந்தும் மக்காத சிஓடி, உள்ளே வருவதில் சுமார் 5% என்று பயோவின் தானாகவே வைத்துக்கொள்கிறது. அது சாக்கடைக்குச் சரி. சாயமும் துணியில் கஞ்சி நீக்கும்போது வரும் பிவிஏ என்ற செயற்கைப் பசையும் அவ்வளவு எளிதில் மக்காது. தொட்டி சீராக ஓடும் நாட்களில், வெளிவரும் நீரை 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி சிஓடி பாருங்கள். மக்காத பங்கு ஏறக்குறைய அதுதான். அதை மாதிரியில் போட்டு ஓட்டுங்கள். ஆய்வகத்தையும் ஒரு கேள்வி கேளுங்கள்: குளோரைடு இடையூறைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் போதிய அளவு சேர்த்தார்களா? சாதா உப்பு போடும் பட்டறைத் தண்ணீரில் இதைச் சேர்க்காமல் விட்டால் சிஓடி ஏற்றியே காட்டும். அடுத்தது காற்று. சோப்புச் சரக்கு கலந்த நீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். ஆல்ஃபா மதிப்பை (சுத்தநீரோடு ஒப்பிட, கழிவுநீரில் ஆக்ஸிஜன் கரையும் வேகம்) சுத்தநீர் அளவிலேயே விட்டால், காற்றூதும் புளோயரின் கணக்கு பொய்த்துவிடும். இவ்வளவும் அளந்த பிறகே எந்த மென்பொருளையும் குறை சொல்லலாம்.

இலவசமாகப் பழக? – மாணவி, கோவை

ஸ்டோட் என்ற மென்பொருள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் கியூஎஸ்டிசான். கியூஎஸ்டிசானில் சமன்பாடுகளைத் திறந்து பார்க்கலாம்மா, அதுதான் படிப்பு.

ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறேன். மென்பொருள் வாங்கணுமா? – ராசிபுரம்

வேண்டாமுங்க. காற்றில்லாத் தொட்டிக்கு 2002-ல் வந்த ஏடிஎம்1 என்ற மாதிரி உண்டுதான். ஒரே தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. மாவுச்சத்து சட்டென்று புளிக்கும். தினமும் பிஹெச், அமிலம், காரத்தன்மை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். காரத்தோடு ஒப்பிட அமிலம் ஏறத் தொடங்கினால் பிஹெச் இறங்குமுன்பே தொட்டிக்குள் வரும் நீர்வரத்தைக் குறையுங்கள். குச்சிக்கிழங்கு அரவை மறுபடி தொடங்கும்போது முழு வரத்தையும் ஒரே நாளில் விடாதீர்கள்.