டப்ளின் சபையில் எதிர்க்கட்சி எப்படிக் கேட்கிறது? – வாசகர் கேள்வி-பதில்

அயர்லாந்தில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் நம் செட்டிநாட்டுப் பக்கமும் உண்டு. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் அரசிடம் கணக்குக் கேட்கும் விதம் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எதிர்க்கட்சித் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட் பிரதமரை விளாசும் வீடியோ பார்த்தேன். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பாரா? நம் மக்களவையில் வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்விக்கு 15 நாள் முன்பே கொடுக்க வேண்டுமே? – கானாடுகாத்தான் வாசகர்

நீங்கள் பார்த்தது 'தலைவர்கள் கேள்வி நேரம்'. அதற்கு முன்னறிவிப்பே கிடையாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பிரதமர் (அங்கே டீஷக் என்பார்கள்) பதில் சொல்வார்; வியாழக்கிழமை துணைப் பிரதமர். கேட்பவருக்கு 3 நிமிடம், பதிலுக்கு 3 நிமிடம். பிறகு துணைக் கேள்விக்கு 1 நிமிடம், அதற்குப் பதில் 1 நிமிடம். மொத்தம் எட்டே நிமிடம்.

இதில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். இரண்டரை நிமிடம் கண்டனம் செய்துவிட்டு, கடைசியில் மூன்று கேள்விகளை ஒன்றாக வீசுவார்கள். பிரதமர் மூன்றில் எளிதானதை எடுத்துப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தேர்ந்தவர்கள் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் நிலை, அரசின் ஆவணத்திலிருந்தே ஒரு எண், ஆம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டிய ஒரு கேள்வி, இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் கடைசி ஒரு நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாமல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். வீடியோவில் பரவுவது இந்த எட்டு நிமிடம்தான் என்றாலும், அரசைப் பதிவில் கட்டிப்போடுவது எழுத்து மூலக் கேள்விதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

எழுத்து மூலக் கேள்விக்கு அமைச்சர் நழுவாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் அதை எப்படி எழுத வேண்டும்? – தேவகோட்டை, சட்டம் படிக்கும் மாணவி

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அயர்லாந்துக் கீழவையான டாயிலில் 2024 நவம்பர் தேர்தலுக்குப் பின் 174 உறுப்பினர்கள், அவர்களை டி.டி. என்பார்கள். எழுத்து மூலக் கேள்விக்குச் சுமார் மூன்று வேலை நாளில் பதில் வந்து நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏறிவிடும். வாய்மொழிக் கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பின்னால் விழுந்தால் நேரம் முடிந்து, பதில் எழுத்தில்தான் கிடைக்கும்.

எப்படி எழுதுவது என்பதற்கு டப்ளினின் புதிய தேசியக் குழந்தைகள் மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் 98.3 கோடி யூரோ என்றார்கள். 2018 இறுதியில் அது 143.3 கோடியானது. 2024-ல் 224 கோடிக்கு ஒப்புதல் கேட்டார்கள். முழு வரைபடம் முடியும் முன்பே முதல் கட்ட ஒப்பந்தம் போட்டு, வரைபடம் முடிந்த பின் அளவுகளைக் கணக்கிட்டதில் விலை ஏறியது. இங்கே "செலவு ஏன் இவ்வளவு கூடியது?" என்று கேட்டால், பணவீக்கம், போர், பெருந்தொற்று என்று இரண்டு பத்தி வரும், ஒரு எண்கூட இருக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஒப்பந்தக்காரர் இன்றுவரை சமர்ப்பித்த கூடுதல் தொகைக் கோரிக்கைகள் எத்தனை, அவற்றின் மொத்த மதிப்பு என்ன, தீர்க்கப்பட்டவை எத்தனை, எவ்வளவு தொகைக்கு, சட்டச் செலவு எவ்வளவு, ஆண்டுவாரியாக, அட்டவணையாகத் தர முடியுமா?" ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் வேண்டும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அடுத்த வாரக் கேள்வி அதன்மேல். அட்டவணை என்ற சொல்லை மறக்காதீர்கள், பத்தி பத்தியாக எழுதி ஒளிந்துகொள்ளும் வழியை அது அடைத்துவிடும்.

தடுமாறும் இடங்கள் மூன்று. அமைச்சரின் பொறுப்பில் இல்லாத விஷயம், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, அண்மையில் பதில் சொல்லப்பட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றைச் சபாநாயகர் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். அடுத்தது, சுகாதாரம் பற்றிக் கேட்டால் "இது சுகாதாரச் சேவை நிர்வாகத்தின் நடைமுறை சார்ந்தது, அவர்கள் உங்களுக்கு நேரடியாகப் பதில் தருவார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதைத் தவிர்க்க, நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்காமல், அமைச்சருக்கு எந்தத் தேதியில் தகவல் வந்தது, அவர் என்ன உத்தரவிட்டார் என்று கேட்க வேண்டும். மூன்றாவது, பதில் முழுமையில்லை என்று சபாநாயகரிடம் முறையிடும் வழி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

விடாமல் கேட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அப்போது எதிர்வரிசையில் டி.டி.யாக இருந்த கேத்தரின் மர்ஃபி. அரசு வசமிருந்த ஐ.பி.ஆர்.சி. வங்கிக்குக் கடன்பட்டிருந்த சைட்சர்வ் நிறுவனம் 2012-ல் 4.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. வங்கி பத்துக் கோடிக்கு மேல் தள்ளுபடி செய்தது. மர்ஃபி நிதியமைச்சருக்கு அடுத்தடுத்துக் கேள்வி எழுதினார். 2015-ல் அரசு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டிவந்தது. 2022-ல் அறிக்கை வந்தது. அதற்கும் முன்பு, 1991-ல் தொடங்கிய மாட்டிறைச்சித் தொழில் விசாரணையின்போது நீதிபதி ஹாமில்டன், சபையில் கேட்ட கேள்விகளுக்கு விசாரணையில் வருவதுபோலப் பதில் வந்திருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது என்ற பொருளில் சொன்னார். சட்டம் படிக்கும் நீங்கள் அந்த விசாரணையின் வரலாற்றைத் தேடிப் படியுங்கள்.

மகள் டப்ளினில் நர்ஸ். குடும்ப விசா விஷயம் இழுத்துக்கொண்டே போகிறது. அவளுக்கு அங்கே ஓட்டு இல்லை. எதிர்க்கட்சிக்காரரிடம் போகலாமா? – பள்ளத்தூர், ஒரு தாய்

தாராளமாகப் போகலாம், ஆச்சி. ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 டி.டி.க்கள் இருப்பார்கள், யாரிடமும் போகலாம். குடியுரிமை இல்லாவிட்டாலும் உள்ளாட்சித் தேர்தலில் மகள் ஓட்டுப் போடலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, கடைசியாக வந்த கடிதத்தின் நகல், தன் சார்பில் விசாரிக்கச் சம்மதம் என்று கையெழுத்திட்ட ஒரு வரி, இவை நான்கும் கையில் இருக்கட்டும். முதலில் டி.டி. அலுவலகத்தை மின்னஞ்சலில் விசாரிக்கச் சொல்லுங்கள். தனிப்பட்ட குடியேற்ற வழக்குகளுக்காக உறுப்பினர்களுக்கென்றே நீதித் துறையில் ஒரு மின்னஞ்சல் வசதி இருக்கிறது. அதில் நகராவிட்டால் சபையில் கேள்வி. அப்போதும் மகளின் பெயர் அச்சில் வராது. 'விவரம் தரப்பட்டுள்ளது' என்று மட்டும் போட்டு, பெயரைத் தனியே அமைச்சகத்துக்கு அனுப்புவார்கள். கேள்வி போட்டதால் வரிசையில் முன்னே போய்விட முடியாது. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரிந்தாலே பாதிக் கவலை தீரும்.

பொதுக் கணக்குக் குழு அங்கே உண்மையில் பல் உள்ளதா? – காரைக்குடி, ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

உண்டு, ஆனால் எல்லைக்குள். நம் நாட்டில் 1967 முதல் இருப்பதுபோல அங்கேயும் குழுத் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வந்ததும் துறைச் செயலாளரை உட்காரவைத்து வரி வரியாகக் கேட்பார்கள். வட்டிக்கடைக் காலத்தில் ஐந்தொகை போட்டு முதலாளி முன் கணக்கப்பிள்ளை நின்றதைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அந்தக் காட்சிதான்.

நாடாளுமன்றத்துக்கே வாங்கிய அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது. விலை 8,08,000 யூரோ. கட்டடத்தின் உயரம் அதற்குப் போதவில்லை. 2019-ல் விவகாரம் வெளிவர, குழு பிடித்துக்கொண்டது. 2024-ல் அதே வளாகத்தில் சைக்கிள் நிறுத்தக் கூரைக்குச் சுமார் 3,36,000 யூரோ செலவானதும் இதே குழுவுக்கு வந்தது. இப்படிப்பட்ட சிறிய செலவுகளைக் கேட்பதை அற்பம் என்று சிலர் சொல்வார்கள், நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. கோடிகளில் ஒளியும் அலட்சியம் இந்தத் தொகையில்தான் சாதாரண மனிதருக்குப் புரிகிறது.

எல்லை எது என்பதை 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காட்டியது. 2014-ல் ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி தானாக முன்வந்து குழுவின் முன் ஆஜரானார். அவரைத் தன் அதிகார வரம்புக்கு வெளியே போய்க் குழு விசாரித்தது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பு. உறுப்பினருக்குச் சபையில் பேச்சுப் பாதுகாப்பு இருக்கிறது. அழைத்து வந்த தனிமனிதருக்கும் நியாயம் வேண்டும் என்பது அதன் சாரம்.

எதிர்க்கட்சி கொண்டுவரும் தீர்மானமும் மசோதாவும் என்ன ஆகும்? – கோட்டையூர் வாசகர்

பெரும்பாலும் அரசு அதை நேரடியாகத் தோற்கடிப்பதில்லை. தீர்மானமாக இருந்தால், முதல் சில சொற்களுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் நீக்கித் தன் பாராட்டுரையை வைக்கும் திருத்தம் கொண்டுவரும். மசோதாவாக இருந்தால் எதிர்க்காமல் 12 மாதம் தள்ளிவைக்கும். பணம் செலவாகும் மசோதா என்றால் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, செலவுக்குச் சம்மதம் சொல்லும் அரசின் 'பணச் செய்தி' வேண்டும். அது வராவிட்டால் மசோதா அப்படியே நின்றுவிடும். 2016–2020 சிறுபான்மை அரசு காலத்தில் எதிர்க்கட்சி மசோதாக்கள் பல இங்கேதான் சிக்கின. அதனால் அனுபவமுள்ளவர்கள் பணம் தொடாத மாதிரி, கடமை, அறிக்கை, காலக்கெடு என்று மசோதா எழுதுவார்கள்.

அரசை ஆதரிக்கும் சுயேச்சைகள் எதிர்க்கட்சி நேரத்தில் பேசலாமா என்று ஒரு சண்டை நடந்ததாமே? – குன்றக்குடி வாசகி

ஆமாம். ஐந்து உறுப்பினர் சேர்ந்தால் ஒரு குழுவாகிப் பேச்சு நேரம் பெறலாம். அரசுக்கு ஆதரவு தந்த மைக்கேல் லோரியின் சுயேச்சைக் குழு எதிர்க்கட்சி வரிசையில் அந்த நேரத்தைக் கேட்டது. 2025 ஜனவரி 22 அன்று சபை அமளியில் ஒத்திவைக்கப்பட்டு, மிஹால் மார்ட்டின் மறுநாள்தான் பிரதமரானார். மார்ச்சில் அரசு விதிகளையே மாற்றி, அமைச்சர் பதவியில் இல்லாத தன் பின்வரிசையினருக்கும் ஆதரவுச் சுயேச்சைகளுக்கும் தனிக் கேள்வி நேரம் ஏற்படுத்திக்கொண்டது. எதிர்க்கட்சிகள் முதல் பெண் சபாநாயகரான வெரோனா மர்ஃபி மீது நம்பிக்கையில்லை என்றன. அரசு வாக்கெடுப்பில் அவரைக் காப்பாற்றியது. எட்டு நிமிடத்துக்கு இத்தனை சண்டையா என்று கேட்கலாம். அரசை ஆதரிப்பவர் கேட்கும் கேள்வியில் அரசைச் சங்கடப்படுத்தும் எண் இருக்காது. எதிர்க்கட்சிகள் அந்த நிமிடங்களுக்காக அவ்வளவு கடுமையாக நின்றதற்குக் காரணம் இதுதான்.