ஜாலிப் படத்துக்கும் கறார் வேண்டும்

கேள்வி: வாரம் முழுக்க உழைத்துவிட்டு, இரண்டரை மணி நேரம் விசிலடித்துச் சிரித்துவிட்டு வரலாம் என்றுதான் கமர்ஷியல் படத்துக்குப் போகிறோம். அதையும் சீன் சீனாகப் பிரித்துக் குறை சொல்ல வேண்டுமா?
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: அந்த இரண்டரை மணி நேரம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துதான் கறாராக இருக்கச் சொல்கிறேன். என் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். லீவுக்குப் போனால் ஆபரேட்டர் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஓட்டை வழியாகத் திரையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். ஒட்டாத பாட்டு வந்தால் மணல் தரையிலிருந்து வரிசையாக எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். நல்ல சண்டை என்றால், மடியில் பிள்ளை சிணுங்கினாலும் அம்மாவின் கண் திரையை விட்டு நகராது. 'ஜாலிப் படம்தானே' என்று அங்கே யாரும் சலுகை கொடுத்து நான் பார்த்ததில்லை.

'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்வாரே, அந்த சீனில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சத்தமும் சைகையும்தான். பாதிச் சிரிப்பு நாகேஷால் வருகிறது. மீதி, பயந்து ஒடுங்கும் பாலையாவின் முகத்தால் வருகிறது. அந்த முகத்தைக் காட்டாமல் நாகேஷையே காட்டிக்கொண்டிருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். இதைக் கவனித்துச் சொல்வதுதான் விமர்சனம்.

'பாட்ஷா'வையும் (1995) எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு மெடிக்கல் காலேஜ் சீட் கேட்டுப் போன ரஜினி, தனக்கு இன்னொரு பேர் இருக்கிறது என்கிறார். அப்புறம் அவர் சொல்வது நமக்குக் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிராளி மிரள்வது மட்டும் தெரியும். பின்னால் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், அப்போதும் வாயைத் திறக்க மாட்டார். டைரக்டர் சுரேஷ் கிருஷ்ணா இப்படி அடக்கி அடக்கி வைத்ததால்தான், ரஜினி கடைசியில் திருப்பி அடிக்கும்போது தியேட்டர் அதிர்ந்தது. ஒரே அடியில் ஆள் பறப்பானா என்று கேட்பது வெட்டி வேலை. அந்த அடிக்காக நம்மை ஏங்க வைத்தார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்லோமோஷன் நடை, ஒரு பில்டப். எதற்கும் நம்மைக் காக்க வைப்பதில்லை. மாஸ் படம் எடுப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கேள்வி: படம்தான் பல கோடி வசூலித்துவிட்டதே, அப்புறம் விமர்சகர் சொல்லி என்ன ஆகப் போகிறது?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: முதல் மூன்று நாள் வசூல், விளம்பரமும் ஹீரோவின் பெயரும் கொண்டுவந்தது. படம் எப்படி என்று அதற்குத் தெரியாது. 2004-இல் வந்த 'கில்லி'யை 2024-இல் மறுபடி வெளியிட்டபோது தியேட்டர்கள் நிரம்பின. கதை எல்லோருக்கும் மனப்பாடம், ஆனாலும் போனார்கள். அது ஏன் இருபது வருஷம் தாங்கியது என்று உட்கார்ந்து எழுதத்தான் விமர்சகர் வேண்டும்.

கேள்வி: காமெடியில் உருவக் கேலி வந்தால்கூடத் திட்டுகிறார்களே. சிரித்துவிட்டுப் போகலாமே?
- இல்லத்தரசி, நெல்லை

பதில்: போன வருஷம் ஒரு படத்தில் கதாநாயகியின் தோழியை நிறத்தை வைத்துக் கிண்டல் செய்தார்கள். அரங்கம் சிரித்தது. எனக்கு முன் வரிசையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற வயதில் ஒரு பெண், கருத்த நிறம், தோழிகளோடு வந்திருந்தாள். அதுவரைக்கும் எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வசனம் வந்ததும் கையிலிருந்த பாப்கார்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஜோக்குக்கு அவள் சிரிக்கவில்லை. அவளும் டிக்கெட் எடுத்துத்தானம்மா வந்தாள்.