வேலூருக்கு வெயில், லண்டனுக்கு வேக்காடு: வாசகர் கேள்வி–பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் வெயிலும் பனியும் சரிபாதி. ஊர், தேதி போடாமல் எழுதுகிறவர்களுக்குப் பதில் கிடையாது என்று போன தடவையே சொல்லியிருந்தேன். இருந்தும் ஒன்று நுழைந்துவிட்டது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் 39 அடித்தும் வெப்ப அலை என்று அறிவிக்கவில்லை. ஊட்டியில் 30க்கே அறிவிப்பார்களாமே, இது என்ன நியாயம்? (திருச்சி)

நியாயம்தான். சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30. இதைத் தொட்டால் மட்டும் போதாது. அந்தத் தேதிக்கு அங்கே வழக்கமாக அடிக்கும் வெயிலைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். திருச்சிக்கு மே மாதத்தில் 39 என்பது வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஊட்டி 2024 ஏப்ரலில் 29ஐத் தொட்டதற்கே பல வீடுகளில் மின்விசிறி தேடினார்கள். இங்கிலாந்தில் மூன்று நாள் தொடர்ந்து 25 முதல் 28 வரை போனாலே, பகுதியைப் பொறுத்து, அது வெப்ப அலை. வெப்பமானியில் தெரியும் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள்.

லண்டனில் 35 டிகிரிக்கே ரயிலை நிறுத்துகிறார்கள். நாங்கள் 42இல் கிரிக்கெட் ஆடுகிறோம். வெள்ளைக்காரன் உடம்பு அவ்வளவு பலவீனமா? (ஈரோடு)

ஜூலை பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறந்துவிடுகிறது, கூடவே சிரிக்கிற பொம்மை நாலு. வருஷா வருஷம் பதில் எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதித் தொலைக்கிறேன், அடுத்த ஜூலையில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

2022 ஜூலை 19. லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பதிவானது. இங்கிலாந்து 40ஐத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. நான் அன்று தென் லண்டனில் மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்தேன். வேலூரில் பிறந்து வளர்ந்தவன் நான். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் வடாமுக்குக் காவல் இருந்தவன். இதெல்லாம் ஒரு வெயிலா என்றுதான் காலையில் நானும் பேசினேன்.

சாயங்காலம் பேச்சு அடங்கிவிட்டது. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், இரட்டைக் கண்ணாடி. குழந்தை விழுந்துவிடக் கூடாது என்று ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி பூட்டு. தரை முழுக்கக் கம்பளம். கூரையில் மின்விசிறி மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. திரைச்சீலை உள்பக்கம் தொங்குகிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு திரையை இழுத்து என்ன பயன்? இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஜன்னலுக்கு வெளியே மரத் தட்டி இருக்கும், நம் ஊரில் தாழ்வாரமும் வெட்டிவேர்த் தட்டியும் இருந்த மாதிரி. லண்டனில் அது இல்லை. சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிறது. ஜனவரிக்காகக் கட்டிய வீடு அது. உள்ளே வந்த சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை, அதை ஒழுங்காகச் செய்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் குளியல் தொட்டியில் தலையணை போட்டுப் படுத்தேன். வேலூர்க்காரனின் மானம் அதோடு போயிற்று.

ரயிலுக்கு வருவோம். தண்டவாளத்தைப் பற்றவைத்துப் பதிக்கும்போது, எந்தச் சூட்டில் அது நீளவும் மாட்டாமல் சுருங்கவும் மாட்டாமல் சும்மா கிடக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் பதிப்பார்கள். பிரிட்டனில் அந்தக் கணக்கு 27 டிகிரி. காற்று 30 இருந்தால் வெயிலில் கிடக்கும் இரும்பு 50ஐத் தொடும். அப்போது வளையலாம். கணக்கை நம் ஊர் மாதிரி உயர்த்தி வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வைத்தால் ஜனவரியில் இரும்பு சுருங்கி, பற்றவைத்த இடத்தில் விட்டுப் போகும். அவர்கள் அவர்களுடைய குளிருக்குத் தோதாகப் பதித்திருக்கிறார்கள். இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை.

உடம்பும் அப்படியே. வெயிலுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். லண்டனில் வெயில் இரண்டு நாள் அடித்துவிட்டுப் போய்விடுகிறது, பழகுவதற்குள் முடிந்துவிடுகிறது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தனியாக இருந்த வயசானவர்கள். பாரிஸின் துத்தநாகக் கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறைகளில் ராத்திரியும் சூடு இறங்கவில்லை. நான் எப்போதும் சொல்வதுதான்: பகல் உச்சத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், ராத்திரி எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். ஆளைச் சாய்ப்பது அதுதான்.

கடைசியாக, '42இல் கிரிக்கெட்'. ஆடுகிறவர் இருபது வயசு. மைதானத்துக்கு வெளியே கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிறவரைக் கேட்டீர்களா? 2010 மே மாதம் ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300க்கு மேல் அதிகச் சாவு. அதைக் கணக்கெடுத்துப் பார்த்து அதிர்ந்துதான் 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று தனித் திட்டம் போட்டது. கணக்கெடுத்ததால் தெரிந்தது. மற்ற ஊர்களில் மாரடைப்பு என்று எழுதி மூடிவிடுகிறோம். அவர்களுக்கு நடப்பது செய்தியில் வருகிறது, நமக்கு நடப்பது வருவதில்லை. இதில் பலவீனம் எங்கே, பலம் எங்கே?

ஏ.சி.யை 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா? (சென்னை, வேளச்சேரி)

குளிராது. சாதாரண ஏ.சி. 18க்கும் 25க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும், 18இல் நிற்காமல் ஓடும். பில்தான் சீக்கிரம் வரும்.

2021 மாதிரி மறுபடி உறைந்தால் என்ன செய்வது? குழாயைச் சொட்ட விடச் சொல்கிறார்கள், தண்ணீர் வீணாகாதா? (டல்லாஸ், டெக்சாஸ்)

வீணாகட்டும். சுவர் நனைந்து கூரை இடிந்து விழுவதைவிட அது மலிவு. நூல் மாதிரி ஓட விடுங்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சூடு குழாய்க்குப் போகட்டும். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி, கையால் ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம்போலப் பெருக்கும். உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் குழாயை உடைக்கிறது. சொட்டவிட்டால் அழுத்தம் சேராது.

கனடாவில் தெருக்குழாய் ஆள் ஆழத்தில் புதைந்திருக்கும். டெக்சாஸில் வீட்டுக் குழாய் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுகிறது. மின் நிலையங்களும் அப்படித்தான்: வடக்கே கட்டடத்துக்குள் இருக்கும் கொதிகலனை அங்கே கோடைக்காகத் திறந்த வெளியில் வைத்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் டல்லாஸில் மைனஸ் 19 வந்தபோது எரிவாயுக் கிணறு, காற்றாலை, நிலக்கரி, அணு உலை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று உறைந்தது. மாநில மின் கிரிட் தனித்தீவு, பக்கத்து மாநிலங்களிலிருந்து போதுமான மின்சாரத்தைக் கடன் வாங்க வழியில்லை. 45 லட்சம் வீடுகள் இருண்டன. அரசுக் கணக்கில் 246 சாவு. 2011இலேயே ஒரு தடவை உறைந்து, குளிருக்குத் தயார் செய்யச் சொல்லி அறிக்கையும் வந்தது. யாரும் கேட்கவில்லை.

முக்கியமான ஒன்று. அந்தச் சாவுகளில் சில குளிரால் நேர்ந்தவை அல்ல. வீட்டுக்குள் கரி அடுப்பு, மூடிய கராஜுக்குள் ஓடவிட்ட கார். அடைத்த இடத்தில் கரியைப் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து ஜனவரியில் லே வரை டீசல் காரில் போகிறோம். இங்கேயே டேங்க் நிரப்பிக்கொள்ளலாமா? (கோவை)

மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தூரத்துக்கு ஒரே டேங்கா? வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாகிவிடும். லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. அங்கே போய் நிரப்புங்கள். நான் பயப்படுவது உங்கள் ரேடியேட்டரைப் பார்த்து. நம் ஊரில் பாதி வண்டியில் பச்சைத் தண்ணீர்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி உறைந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். உறையாத கூலன்ட் ஊற்றாமல் கிளம்பாதீர்கள்.

வானிலை அறிக்கையில் 4 டிகிரி என்றார்கள். தோட்டத்தில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. யார் பொய் சொல்வது? (கோத்தகிரி)

யாரும் இல்லை. வெப்பமானி நாலு அடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரைச்சூடு வானத்துக்குப் போய்விடும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். பெட்டிக்குள் 4 இருக்கும்போது புல்நுனியில் பூஜ்யம் சகஜம். மேட்டுத் தேயிலை தப்பிக்கும், பள்ளத்துத் தேயிலை கருகும். வெயில் சுளீரென்று படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். ராத்திரியே தெளிக்கத் தொடங்கினால் விடிந்து பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது, பாதியில் விட்டால் இன்னும் மோசம். இளஞ்செடிக்கு உங்கள் ஊர்க்காரர்கள் தாகைத் தழையால் மூடுகிறார்களே, அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டாக்ஹோமில் மைனஸ் 10இல் இருந்தபோதுகூட மகன் இப்படி நடுங்கவில்லையாம். டெல்லியில் 6 டிகிரிக்கு நடுங்குகிறான். உடம்பில் ஏதாவது கோளாறா? (மதுரை)

கோளாறு வீட்டில். ஸ்டாக்ஹோமில் வெளியே மைனஸ் 10, உள்ளே 21. டெல்லியில் வெளியே 6, உள்ளே 12. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி, மொசைக் தரை, ஒற்றைக் கண்ணாடி. மனிதன் நாளில் முக்கால்வாசியை வீட்டுக்குள்தானே கழிக்கிறான்? குளிர்காலத்தில் சாவு கூடும் விகிதம் பின்லாந்தைவிடப் போர்ச்சுகலில் அதிகம் என்றால் நம்புவீர்களா? உண்மை. வெதுவெதுப்பான நாடு என்று நம்பி யாரும் வீட்டைக் குளிருக்குக் கட்டவில்லை. மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆயில் ஹீட்டர் வாங்கலாம், ஜன்னல் இடுக்கை அடைக்கலாம், அங்கீட்டி என்கிற கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம். கொடைக்கானல் விடுதி அறையில் பார்பிக்யூ கரியை அணைக்காமல் தூங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு இருபது சென்டிமீட்டர் பனியிலும் பஸ் ஓடுகிறது. அட்லாண்டாவில் இரண்டு அங்குலத்துக்கு ஊரே நின்றதாமே? (ஸ்கார்பரோ, கனடா)

2014 ஜனவரி 28. எல்லோரையும் ஒரே மதியத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்பு வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார்கள். அளவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். டயர் உரசும் சூட்டில் உருகி மறுபடி உறைந்த மைனஸ் 2 பனி, உங்கள் மைனஸ் 15 பனியைவிட வழுக்கும். உங்கள் நாட்டின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். அட்லாண்டாவில் வருஷத்தில் ஒரு நாளுக்காக யார் வாங்குவார்கள்?

வான்கூவர் பக்கம் இருக்கிறோம். ஏ.சி. ஆடம்பரம் என்கிறார் மாமனார். (சர்ரே, கனடா)

2021 ஜூன் 29 அன்று உங்கள் மாகாணத்தில் லிட்டனில் 49.6. மறுநாள் ஊரே எரிந்தது. மாகாணம் முழுக்க 619 பேர் வெப்பத்தால் செத்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் வீட்டுக்குள். மாமனார் படுக்கும் அறையிலேயே முதலில் மாட்டுங்கள். ராத்திரி வெப்பம், மறக்க வேண்டாம்.

எங்க ஊர்ல நேத்து 52 டிகிரி. ஏன் யாரும் ரெக்கார்டா அறிவிக்கல?

எந்த ஊர்? எந்த 'நேத்து'? எதில் பார்த்தீர்கள்? காரின் டாஷ்போர்டில் என்றால் அது தார் ரோட்டின் சூடு. இந்தியாவின் உச்சம் 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51. டெல்லி முங்கேஷ்பூரில் 2024இல் 52.9 என்று வானிலைத் துறையின் கருவியே காட்டியது. சோதித்ததில் சென்சார் மூன்று டிகிரி கூட்டிச் சொன்னது தெரிந்தது. உங்கள் கருவியை நிழலில், தரையிலிருந்து நாலடி மேலே, சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். ஊர் பெயரோடு.