வேலூர் வெயிலில் பட்டை புல்-அபார்ட் பிரெட்

கேள்வி: வீட்டு ஓ.டி.ஜி. மின் ஓவனில் பட்டைத்தூள், சர்க்கரை வைத்து, ஏடு ஏடாகப் பிய்த்துச் சாப்பிடும் புல்-அபார்ட் பிரெட் செய்தேன். குறிப்பில் 'வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் உப்ப விடவும்' என்று இருந்ததால் அப்படியே விட்டேன். மாவு பொங்கிப் புளித்த வாடை அடித்தது. கையில் ஒட்டியதால் மைதாவை அள்ளி அள்ளிப் போட்டேன். சுட்டெடுத்தால் மேலே கருகல், நடுவில் பச்சை மாவு. அடியில் சர்க்கரை ஒழுகிக் கல்லாகிவிட்டது. ஏடு ஏடாகப் பிரியவே இல்லை. ஈஸ்ட் சரியில்லையா, மைதா சரியில்லையா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: இரண்டின் மேலும் பழி இல்லை. ஈஸ்ட் செத்திருந்தால் மாவு பொங்கியே இருக்காது. உங்கள் சமையலறையின் சூட்டுக்கு அந்தக் குறிப்பு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். 21, 22 டிகிரி இருக்கும் வீட்டில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு அது. அங்கே வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சமையலறை சாயங்காலம்கூட 36, 37-க்குக் குறையாது. அங்கே ஒன்றரை மணி நேரம் வைத்த மாவு, உப்ப வேண்டிய அளவைப் பாதி நேரத்திலேயே தாண்டியிருக்கும்.

தாண்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் உங்கள் எல்லாப் புகார்களுக்கும் விடை கிடைத்துவிடும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றையும் ஆல்கஹாலையும் விடுகிறது. கூடவே புளிப்பும் ஏறுகிறது. சூடு கூடக் கூட இதெல்லாம் வேகமாக நடக்கும். பிசைந்து பிசைந்து உண்டாக்கிய குளூட்டன் என்ற புரத வலை தளர்ந்து, பிடித்து வைத்திருந்த ஈரத்தை விட்டுவிடும். அந்தப் பிசுபிசுப்புதான் உங்கள் கையில் ஒட்டியது. அதற்கு மைதாவைக் கொட்டினால் பிரெட் கட்டியாகுமே தவிர, அறுந்த வலை திரும்பாது. அதனால் குறிப்பில் உள்ள நிமிடங்களை விட்டுவிட்டு மாவின் சூட்டைப் பாருங்கள். பிசைந்து முடிக்கும்போது மாவு 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும்.

அதற்குப் பேக்கரிக்காரர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்குங்கள்: 26 மூன்று தடவை 78. அதில் மைதாவின் சூட்டையும் அறையின் சூட்டையும் கழியுங்கள். டப்பாவில் இருக்கும் மைதா 36, அறை 37 என்றால் மீதி 5. அதுதான் ஊற்ற வேண்டிய பாலின் சூடு. பிசையும் உரசலிலும் ஒன்றிரண்டு டிகிரி ஏறும் என்பதால், மைதாவையும் முதல் நாள் இரவே மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. 'பாலை வெதுவெதுப்பாக்கி ஈஸ்டைக் கரைக்கவும்' என்ற வரி நம் மே மாதத்துக்குப் பொருந்தாது. இன்ஸ்டன்ட் ஈஸ்டைக் கரைக்கவே தேவையில்லை. மைதாவில் நேராகக் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால் மட்டும், பாலில் இரண்டு ஸ்பூன் தனியாக எடுத்து, விரல் தாங்கும் சூட்டில் கரைத்து, பத்து நிமிடத்தில் நுரைத்ததும் சேருங்கள். 60 டிகிரிப் பாலில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும்.

இனி அளவு. 23 சென்டிமீட்டர் நீளம், 13 அகலமுள்ள பிரெட் டின்னுக்கு: மைதா 350 கிராம், சர்க்கரை 45 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (ஒன்றேகால் டீஸ்பூன்), முட்டை 1, காய்ச்சி ஆறவைத்த குளிர்ந்த பால் 160 மில்லி, வெண்ணெய் 50 கிராம். டிசம்பர், ஜனவரியில் ஈஸ்டை 6 கிராம் ஆக்குங்கள். கடையில் வாங்கும் வெண்ணெயில் உப்பு இருந்தால், மாவுக்கான உப்பில் 1 கிராம் குறையுங்கள். முட்டை சேர்க்காத வீடென்றால் கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன் போதும். நிறம் சற்று வெளிறும், மென்மை அப்படியே வரும். பாலைக் காய்ச்சச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சைப் பாலில் உள்ள ஒருவகைப் புரதம் மாவை இளக்கிவிடும். நன்றாகக் காய்ந்தால் அது அடங்கிவிடும்.

பாலை முழுவதும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். 20 மில்லி கையில் நிற்கட்டும். நம் மைதாவில் புரதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறுகிறது. ஒன்று 140 மில்லியிலேயே சேர்ந்துவிடும், இன்னொன்று 160-ஐயும் குடித்துவிடும்.

ஆற்காட்டு மக்கன் பேடா செய்பவர்கள் மைதாவையும் கோவாவையும் அழுத்தாமல் மெதுவாகச் சேர்ப்பார்கள். அழுத்திப் பிசைந்தால் பேடா இறுகிவிடும். வீட்டில் பலகாரம் செய்து பழகிய கைகளுக்கு இந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. என் வகுப்புக்கு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடமே இதுதான். இந்த மாவை 12 முதல் 15 நிமிடம் தயங்காமல் பிசைய வேண்டும். உள்ளங்கையின் அடியால் முன்னே தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் மேடையில் ஒட்டும். அப்போது மைதா தூவாமல் பொறுத்திருங்கள். எட்டாவது நிமிடம் வாக்கில் தானாகவே மேடையை விட்டு எழுந்து வரும். அதன் பிறகுதான் வெண்ணெய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சுண்டைக்காய் அளவுக்கு வெட்டி, ஒரு தடவைக்கு நாலைந்து துண்டாகச் சேருங்கள். வெண்ணெய் 32, 33 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். உங்கள் சமையலறையில் வெளியே வைத்த வெண்ணெய் எண்ணெயாகத்தான் இருக்கும். எண்ணெயை மாவு வாங்காது, வழுக்கும். போதும் என்பதற்கு அடையாளம்: எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி இரண்டு கைவிரல்களாலும் மெல்ல இழுங்கள். கிழியாமல், விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்து விரிய வேண்டும். நடுவில் பொத்தென்று ஓட்டை விழுந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள்.

பிசைந்ததை உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும். அதற்குள் ஈஸ்ட் உள்ளே வேலையை முடித்துவிடும். தட்டி இரண்டு விரல் கனத் தட்டையாக்கி, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி, 15 நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். 8 முதல் 12 மணி நேரம் அங்கே இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் பிசைந்து, வீட்டில் இருக்கிற சூடெல்லாம் இறங்கியிருக்கும் காலை ஆறு மணிக்கு எடுப்பது வேலூருக்குச் சரியான கணக்கு. குளிர்ந்த மாவு ஒட்டாது, தேய்க்க எளிது, வெட்டினால் விளிம்பு நேராக நிற்கும். மெதுவாக உப்பியதால் மணமும் கூடியிருக்கும். கோடையில் இந்த இரவு முறையைத் தவிர வேறெதையும் நான் சொல்லித் தருவதில்லை.

பட்டைக்கு வருவோம். லாங்கு பஜார் கடைகளில் பட்டை என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பிரியாணிக்குப் போடும் தடித்த கேசியா பட்டை. கடினமாக, கருஞ்சிவப்பாக, ஒரே சுருளாக இருக்கும். இலங்கையின் சுருள் பட்டை, மெல்லிய காகிதங்களை அடுக்கிச் சுருட்டியது போல் இருக்கும், விரலால் நொறுக்கலாம். பிரெட்டுக்கு எது? கேசியாவின் காரம் சூட்டிலும் சர்க்கரையிலும் அமுங்காமல் நிற்கும். சுருள் பட்டையின் இனிய மணம் மென்மையானது. நான் இரண்டையும் பாதிப் பாதி சேர்ப்பேன். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறித் தினமும் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது செய்யும் ஒரு பிரெட்டில் அந்தக் கவலை வேண்டாம். வாரந்தோறும் குழந்தைகளுக்குச் செய்வதென்றால் முழுவதும் சுருள் பட்டைக்கு மாறிவிடுங்கள். எதுவானாலும் வெயிலில் அரை மணி நேரம் காயவைத்து, மிக்ஸியின் சிறிய ஜாரில் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். சலிக்காத தூள் பல்லில் நறநறக்கும்.

மாவிலேயே பட்டைத்தூளைக் கலந்தால் மணம் கூடுமே என்று தோன்றலாம். கலக்காதீர்கள். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்டை முடக்கிவிடும். அதன் இடம் ஏடுகளுக்கு நடுவில்தான்.

நடுவில் தடவ: சர்க்கரை 100 கிராம், பட்டைத்தூள் இரண்டு டீஸ்பூன், மைதா ஒரு டேபிள்ஸ்பூன், குழைந்த வெண்ணெய் 45 கிராம். உங்கள் டின்னின் அடியில் பாகு உறைந்ததற்கு, உருகிய வெண்ணெய் ஊற்றியது காரணமாக இருக்கலாம். அது சர்க்கரையை அடித்துக்கொண்டு கீழே போய்விடும். விரல் அழுத்தினால் குழியும் பதத்தில் தடவுங்கள். அந்த ஒரு ஸ்பூன் மைதா, உருகும் பாகை ஏட்டிலேயே பிடித்து வைக்கும். நாட்டுச் சர்க்கரை பிடிக்குமென்றால் பாதிக்குப் பாதி சேருங்கள். பட்டைக்கு அதைப் போல ஜோடி கிடையாது. ஆனால் ஈரம் உள்ளது, தட்டில் பரப்பிக் கட்டி உடைத்து உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். நெய்யை மட்டும் இங்கே நான் சேர்ப்பதில்லை. நெய் மணம் பட்டையை அமுக்கிவிடும்.

குளிர்ந்த மாவை 50 சென்டிமீட்டர் நீளம், 30 அகலத்துக்குத் தேயுங்கள். சுருங்கிச் சுருங்கி வந்தால் இழுக்காமல் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், தளர்ந்து கொடுக்கும். விளிம்பு வரை வெண்ணெய் தடவுங்கள். ஏடுகள் பிரிவது இந்த வெண்ணெயால்தான். தடவாமல் விட்ட இடம் சுடும்போது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைக் கலவையைத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். நீளவாக்கை ஆறு பட்டிகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை மறுபடி ஆறாக வெட்டினால் 36 ஏடுகள். பட்டர் பேப்பர் விரித்த டின்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஏடுகளை நிற்கவைத்து வரிசையாக அடுக்குங்கள். டின்னில் மூன்றில் ஒரு பங்கு நீளம் காலியாக இருக்க வேண்டும். இடைவெளி பார்த்துப் பயந்து நெருக்கி அடைத்தால் உப்ப இடமில்லாமல் ஏடுகள் ஒன்றாகிவிடும், நடுவும் வேகாது.

இரண்டாவது தடவை உப்பும்போதுதான் வெயில் மறுபடி விளையாடும். டின்னின் ஓரம் சீக்கிரம் சூடேறும், நடு இன்னும் ஃபிரிட்ஜ் குளிரில் இருக்கும். நனைத்துப் பிழிந்த துணியை டின்னைச் சுற்றிக் கட்டி, வீட்டில் வெயில் படாத அறையில் வையுங்கள். நம் ஊர் வறண்ட வெயிலில் துணியின் ஈரம் ஆவியாகி டின்னைச் சில டிகிரி குளிர்த்தி வைக்கும். கோடையில் 50 நிமிடம், மார்கழிக் காலையில் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். மைதா தொட்ட விரலால் நடு ஏட்டை அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாகப் பாதி எழுந்து நின்றால் உடனே ஓவனில் வையுங்கள். எழவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. அப்படியே சுடுங்கள், உயரம் குறையும், ருசி கெடாது.

ஓ.டி.ஜி.யை மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து 175 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கோடை மாலைகளில் மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட்டுக்கு 200 வந்தால் கம்பியின் சூடு ஏறக்குறைய கால்வாசி குறையும், அதனால் 15 நிமிடத்தில் ஏற வேண்டியது ஏறாது. ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் காட்டும் எண்ணை நம்பிச் சுட முடியாது. டின்னை அடித்தட்டில் வையுங்கள். இந்த பிரெட் உயரமானது, மேல் கம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். சர்க்கரையும் பாலும் உள்ளதால் சீக்கிரம் சிவக்கும். 22, 25 நிமிடத்தில் மேற்புறம் பொன்னிறமானதும் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மூடி, மொத்தம் 40 முதல் 45 நிமிடம் சுடுங்கள். உங்கள் பிரெட் மேலே கருகி உள்ளே வேகாமல் போனது இந்த மூடி இல்லாததால்.

குச்சி குத்திப் பார்ப்பது இதற்கு ஆகாது. பாகு ஒட்டிக்கொண்டு வந்து குழப்பும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 90 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் நடுவில் இரண்டு ஏடுகளைக் கத்தி முனையால் லேசாக விலக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் வெள்ளையாக, ஈரமாக இழுபட்டால் ஃபாயிலோடு இன்னும் எட்டு நிமிடம். உலர்ந்த நார் நாராகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகு பத்து நிமிடம் டின்னிலேயே விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாகு இறுகித் தாளோடு பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் தூக்கினால் ஏடுகள் சரிந்துவிடும். அன்றைக்கே தீராவிட்டால் மூடிய டப்பாவில் மறுநாள் வரை வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் பிரெட் சீக்கிரம் விறைத்துவிடும், ஃபிரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஏடுகளாகப் பிய்த்து, மூடிய தோசைக்கல்லில் சிறு தீயில் மூன்று நிமிடம் சூடாக்கினால் போதும்.